மெலித்தா தீவும் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனும்

வேத பாடம்: அப்போஸ்தலர் 27, 28 அதிகாரங்கள்



"ஐயா, பஸ் ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. போய்ச் சேருவோமா, பிள்ளைகளைத் திரும்பப் பார்ப்போமான்னு இருக்கு. இது அவிசுவாசமா?" என்று நம் சபைத் தாய்மார் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. "பயத்தின் ஆவியைக் கடிந்துகொள்ளுங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறவர்களும் நம்மிலே உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

லூக்கா அந்தக் கப்பலில் இருந்தவர். புயலிலே பிழைப்போம் என்கிற எண்ணமே விட்டுப்போன நிலையை எழுதும்போது அவர் "அவர்கள்" என்று எழுதவில்லை, தன்னையும் சேர்த்தே எழுதுகிறார் (27:20). அதற்குப் பிறகு தேவதூதன் வந்து "பயப்படாதே" என்று யாரிடம் சொன்னான்? மாலுமிகளிடமா? பவுலிடம்! பயமே இல்லாதவனுக்கு அந்த வார்த்தை எதற்கு? கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, தைரியம் சொன்னார்.

நம் கடற்கரைக்கு இது விளங்கும். 1961-லே கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு முத்துப்பாரில் இறங்குகிறவனுடைய மூச்சு, மேலே வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன் கையிலே இருந்தது. அவன் எப்போது அசைத்தாலும் மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். நம்முடைய கயிற்றைக் கர்த்தர் பிடித்திருக்கிறார், ஸ்தோத்திரம்! ஆனால் எந்த மனுஷனுடைய கையைக் கொண்டு இழுப்பார் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவை நம் மாவட்டம் மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னாலே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போயிற்று. ரயிலை மேலே விடாமல் நிறுத்திவைத்தவர் நிலைய அதிகாரி ஜாபர் அலி. அந்த ராத்திரி "ஏன் இன்னும் எடுக்கல?" என்று எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள்! அந்தத் தாமதமே அவர்களுக்கு ஜீவன்.

சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு சாலையும் அடைபட்டது. ஸ்டேஷனில் மிஞ்சின ஏறக்குறைய 500 பேருக்கு, அரசாங்க மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வருவதற்குமுன் சோறு பொங்கிக் கொடுத்தது யார்? புதுக்குடி ஊர் ஜனங்கள். வெள்ளம் அவர்களையும் சூழ்ந்துதான் இருந்தது. பிரயாணிகள் இன்ன ஊர், இன்ன ஜாதி என்று அவர்களுக்குத் தெரியாது. 19-ஆம் தேதிதான் பிரயாணிகளை மீட்டு, வாஞ்சி மணியாச்சி வழியாய்ச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒரு வாலிபத் தம்பி நல்ல கேள்வி கேட்டான்: "ஐயா, நம்ம ஆள் ஒருத்தர் அந்த ரயில்ல இருந்திருந்தா, அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடலாமா?"

மெலித்தாவில் நடந்ததைப் பாருங்கள். கரையேறினவர்கள் 276 பேர். மழை, குளிர். நம் தேவனை அறியாத தீவு ஜனங்கள் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தீவின் முதலாளியாகிய புபிலியு 3 நாள் தன் வீட்டில் வைத்து உபசரித்தான். பவுல் விலகிப் போய்ப் பட்டினி கிடந்தான் என்று வேதம் சொல்லவில்லை. அவிசுவாசி அழைத்துப் பரிமாறினால், துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடச் சொன்னவனும் அவன்தான் (1 கொரி. 10:27). விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் தெரிவித்தால் மட்டும், அவன் மனச்சாட்சியினிமித்தம் விலகு என்கிறான். ஆகவே தம்பி, சாப்பிடலாம். ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிடலாம். சாறிபாத் ஊர் விதவையும் இஸ்ரவேல் ஸ்திரீ அல்லவே. அவள் கை அப்பத்தை எலியா வேண்டாமென்றானா?

இன்னொன்றையும் கவனியுங்கள். உபசரிப்பை வாங்கின பவுல் சும்மா உட்காரவில்லை. தீ மூட்டச் சுள்ளி பொறுக்கினான். அப்போதுதான் பாம்பு கவ்வியது. புபிலியுவின் தகப்பன் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாய்க் கிடந்தபோது ஜெபம்பண்ணி, கைகளை வைத்தான். கர்த்தர் சுகம் கொடுத்தார். 3 மாதம் கழித்துக் கப்பல் ஏறுகையில் அதே தீவார் வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டார்கள்.

அப்படியும் பவுலுக்கு ரோமாபுரிப் பாதை பாரமாகவே இருந்திருக்க வேண்டும். ரோமிலிருந்த சகோதரர், முன்பின் பார்த்திராத பலரும்கூட, சுமார் 65 கிலோமீட்டர் தூரத்திலுள்ள அப்பியுபுரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அவர்கள் முகத்தைக் கண்ட பிறகே அவனுக்குத் தெம்பு வந்தது (28:15).

நம் சபையிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தனியாய் ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகள் வீட்டுக்கும் போகிற வயதான தாய்மார் இருக்கிறார்கள். வாலிபர் கூட்டத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். புறப்படும் தேதியையும், இறங்கும் ஊரையும் அதிலே எழுதிக் கொடுத்தால், இங்கே ஏற்றிவிட ஒரு தம்பி வருவான். அங்கே இறக்கிக்கொள்ள அந்த ஊர்ச் சபைக்குச் சொல்லியனுப்புவோம்.