அட்வான்ஸ் மூன்று மாதமா, பத்து மாதமா? சட்டத்தை எடுத்துப் பார்ப்பது எப்படி

"மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாமே, சட்டமே வந்துவிட்டதாமே?" வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி தெரிய, சட்டத்தின் நகலைக் கையில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தை வைத்தே அந்த வேலையைப் பழகுவோம்.

முதலில், அது சட்டமா, இன்னும் மசோதாவா என்று பாருங்கள். சட்டசபையில் நிறைவேறிய மறுநாளே பத்திரிகைகள் 'புதிய சட்டம்' என்று எழுதிவிடும். ஆளுநரோ, சில மசோதாக்களுக்குக் குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்தால்தான் அது சட்டம். தமிழ்நாடு அரசிதழில் நான்காம் பகுதியின் முதல் பிரிவில் மசோதாக்கள் வரும். இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் அரசிதழைப் பார்க்கலாம்.

அடுத்து, சட்டத்தின் முதல் பிரிவு. பெயர்தானே என்று பலரும் தாண்டிப் போகும் இடம். எப்போது நடைமுறைக்கு வரும் என்பது அங்கேதான் இருக்கும். வாடகைச் சட்டத்தின் பெயரில் 2017 என்று இருக்கிறது. நடைமுறைக்கு வந்ததோ 2019 பிப்ரவரி 22. பெயரிலுள்ள ஆண்டை நம்பி 2018இல் யாராவது வழக்குப் போட்டிருந்தால் அலைச்சல்தான் மிச்சம். 'அரசு அறிவிக்கும் தேதியில்' என்றிருந்தால் அந்த அறிவிக்கையைத் தனியே தேடுங்கள். ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதிகள் இருப்பதும் உண்டு. தேதியே சொல்லாவிட்டால்? 1891ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுப் பிரிவுகள் சட்டப்படி, ஒப்புதல் அரசிதழில் வெளியான நாள்தான் தொடக்கம். மத்தியச் சட்டத்துக்குக் கணக்கு வேறு: 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்புதல் கிடைத்த நாள்.

பிறகு சொல் விளக்கம் தரும் இரண்டாம் பிரிவு. வாடகைக் கட்டடம் என்றால் நமக்கு எல்லாக் கட்டடமும்தான். இந்தச் சட்டத்தில் ஓட்டலும் லாட்ஜும் அதற்குள் வராது.

இனி அட்வான்ஸுக்கு வருவோம். 11ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் வாக்கியம் தொடங்குவதே 'மாறான உடன்பாடு இருந்தாலன்றி' என்ற பொருளில். வீட்டுக்காரர் பத்து மாதம் என்று எழுதி நீட்டிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம். 'தவிர', 'இருந்தபோதிலும்', 'உட்பட்டு' போன்ற சொற்களை விரல் வைத்துப் படியுங்கள். சட்டத்தின் முடிச்சுகள் பெரும்பாலும் அங்கேதான்.

கடைசிப் பக்கத்தையும் விடாதீர்கள். புதிய சட்டம் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தை நீக்கினாலும், அப்போது நிலுவையில் இருந்த வழக்குகளைப் பழைய சட்டப்படியே நடத்த வழி விட்டது. திருத்தங்கள் சேர்ந்த நகல்தானா என்றும் பாருங்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடுவதற்கான கெடுவே பின்னால் நீட்டிக்கப்பட்டது.

ஒன்று மனதுக்கு உறுத்தல்தான். ஒரு மாநிலம் தன் மொழியில் சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்படி அரசிதழில் வரும் ஆங்கில மொழிபெயர்ப்பையே அதிகாரபூர்வ வாசகமாகக் கொள்கிறது அரசமைப்பின் 348ஆம் பிரிவு. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் பேசப் போகும் முன் அதே பிரிவை ஆங்கிலத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.