வந்து மறையும் பழுது

நுழையும்முன்

எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டறிவது எளிது; சில வேளை தோன்றிச் சில வேளை மறையும் பழுதைக் கண்டறிவது அரிது. பொறியாளர் வரும் நேரத்தில் அது மறைந்துவிட்டால், வீட்டார் சொல்வதை எவ்வாறு மெய்ப்பிப்பது? தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அனுபவமாக அமைந்த இப்பாடம் அதற்கு விடை தருகிறது.

ஒளி வழியே செய்தி

இன்று நகரங்களில் பல வீடுகளுக்கு அகலப்பட்டை இணையம் ஒளியிழை வழியாக வருகிறது. ஒளியிழை என்பது மிகத் தூய கண்ணாடியால் ஆனது. ஒளி செல்லும் அதன் உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது. அதனுள் செலுத்தப்படும் ஒளி, முழு அக எதிரொளிப்பு அடைந்து, வெளியே சிதறாமல் நெடுந்தொலைவு செல்கிறது. இத்தகைய இழை செய்தித் தொடர்புக்குப் பயன்படும் என்று 1966ஆம் ஆண்டு விளக்கிய சார்லஸ் காவ், 2009ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஒளியிழைக்கு ஒரு குறை உண்டு. அதைக் கூர்மையாக வளைத்தாலோ அழுத்தினாலோ ஒளி கசிந்துவிடும்.

இழை வந்து சேரும் பெட்டியில் சிறு விளக்குகள் உள்ளன. 'எல்.ஓ.எஸ்.' என்னும் விளக்கு சிவப்பாக ஒளிர்ந்தால், பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அவ்விளக்கு எரியாதிருக்க, தொலைவிலுள்ள அறையில் மட்டும் இணையம் மெதுவாக இருந்தால், குறை பெரும்பாலும் வைஃபை அலையில் இருக்கும். சுவர்களும் தொலைவும் அவ்வலையை வலுவிழக்கச் செய்கின்றன.

குறிப்பேடு தந்த தடயம்

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் வாழும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு மதுரையிலுள்ள தன் பாட்டிக்குக் காணொலி அழைப்பில் தமிழ்ப்பாடம் படித்துக் காட்டுவாள். மே மாதத்தில் அவ்வழைப்பு அடிக்கடி அறுபட்டது. படிக்கச் சலித்துப் பேத்திதான் அழைப்பைத் துண்டிக்கிறாள் என்று பாட்டி எண்ணத் தொடங்கினார். அது மாணவியின் மனத்தை வருத்தியது. அவள் ஒரு குறிப்பேட்டில் நடந்தவற்றை எழுதலானாள்.

மே 12: மாலை 7.25. சிவப்பு விளக்கு. ரூட்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை.
மே 13: மாலை 7.10. சிவப்பு விளக்கு. ஒன்பது மணிக்குத் தானே சரியானது.
மே 14: மழை. இணைப்பு அறுபடவில்லை.
மே 15: மாலை 7.20. சிவப்பு விளக்கு.

மறுநாள் காலை பொறியாளர் வந்தார். இழையைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஒளியளவியில் பொருத்தினார். அளவு −21 டி.பி.எம். என்று காட்டியது. அவர் இந்தியில் பேசினார்.

"அம்மா, ஒளி சரியாக வருகிறது. இணைப்பில் குறையில்லை. புகாரை முடித்துக்கொள்ளலாமா?"

"அண்ணா, சற்றுப் பொறுங்கள். இதைப் பாருங்கள்" என்று மாணவி இந்தியில் கூறி, குறிப்பேட்டைப் படித்து மொழிபெயர்த்தாள்.

பொறியாளர் வியந்தார். "மழை நாளில் பழுது வரும் என்றுதான் பலரும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் மழை நாளில் மட்டும் இணைப்பு நன்றாக இருந்திருக்கிறது. மற்ற நாள்களில் மாலை ஏழு மணிக்கு என்ன செய்வீர்கள்?"

தாயார் சிந்தித்தார். "வெப்பம் தாங்காமல் கூலரைச் சாளரத்தருகே தள்ளி வைப்போம். மழை பெய்த அன்று அதைப் போடவில்லை. ஒன்பது மணிக்குத் தண்ணீர் நிரப்ப அதைச் சற்று நகர்த்துவோம்."

ஒளியிழை அச்சாளரத்தின் விளிம்பு வழியாகவே வீட்டினுள் வந்தது. கூலரைத் தள்ளி வைத்து மீண்டும் அளந்தனர். இப்போது −31 என்று காட்டியது. இவ்வளவில் 10 குறைந்தால் ஒளியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்பது பொருள். பொதுவாக −27க்குக் கீழே சென்றால் பெட்டியால் ஒளியைச் சரிவர உணர இயலாது. கூலர் இழையைச் சாளர விளிம்போடு நசுக்கியதே காரணம் என்பது தெளிவாயிற்று.

பொறியாளர் இழையை வேறு வழியாகக் கொண்டுவந்தார். மிகுந்த பகுதியை ஒரு வளையலுக்குக் குறையாத அளவில் சுருட்டிக் கட்டினார். பின்னர்க் கூலரை அதே இடத்தில் வைத்து மீண்டும் அளந்தார். அளவு −21. அன்று மாலை பாடம் முழுவதும் படித்து முடித்த பின், சிவப்பு விளக்கின் கதையை மாணவி பாட்டிக்கு எடுத்துரைத்தாள். "உன்மேல் தவறாக எண்ணிவிட்டேனே, கண்ணு" என்றார் பாட்டி.

அறிய வேண்டியது

நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் முறையே ஆராய்ந்து செயற்பட வேண்டும் என்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். கருவிகளின் பழுதுக்கும் இம்முறை பொருந்தும். நாள், நேரம், விளக்கின் நிறம் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும்; பழுது வராத நாளையும் எழுதுதல் வேண்டும். மே 14ஆம் நாளின் குறிப்பே இங்கு வழிகாட்டியது.

எச்சரிக்கை: கழற்றிய ஒளியிழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி.

சொல்லும் பொருளும்

அகலப்பட்டை – மிகுந்த தரவை விரைந்து கடத்தும் இணைப்பு
எதிரொளிப்பு – ஒளி பட்டுத் திரும்புதல்
சாளரம் – சன்னல்
தடயம் – உண்மையை அறிய உதவும் அடையாளம்

மதிப்பீடு

1. பொறியாளர் காலையில் அளந்தபோது பழுது புலப்படாதது ஏன்?
2. ஒன்பது மணிக்கு இணைப்புத் தானே சரியானதன் காரணம் யாது?
3. பழுதை நீக்கிய பின்னும் கூலரை அதே இடத்தில் வைத்து அளந்தது ஏன்?
4. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் கருவி ஒன்றைப் பற்றி ஐந்து நாள் குறிப்பு எழுதுக.