மலையோர ஊர்களின் ஊறற்பானை

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் மதில்போல் நிற்கின்றன. இத்தகைய மலைப்பக்கங்களில் மது செய்தல் மிகத் தொன்மையான வழக்கம். மூங்கிற் குழாயில் விளைந்த தேன்கள்ளைக் குறவர் தம் சுற்றத்தாருடன் உண்டு, சிறுபறை முழங்கக் குரவையாடியதைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. சுற்றத்தாருடன் உண்டனர் என்பதே கவனிக்கத்தக்கது. அது விலைக்குச் செய்த சரக்கன்று. வீட்டில் அரிசியாற் சமைத்த தோப்பியும் அத்தகையதே.

பிற்காலத்தில் வெல்லம் மூலப்பொருளாயிற்று. வெல்லக் கரைசலில் வெள்வேலம் பட்டையை இட்டு மண்பானையில் மூடிவைப்பர். பட்டையின் துவர்ப்பு கசடுகளைப் படியச் செய்யும். நுரைத்துப் பொங்கும் அக்கரைசலே ஊறல் எனப்படுவது. நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்க, மதுச்சத்து 78 டிகிரியிலேயே ஆவியாகும். ஆதலால் ஊறலைக் காய்ச்சுங்கால் அது முந்தி எழும். குளிர்நீர்ப் பானையின் அடியிற்பட்டுத் துளித்துளியாய் வடியும். விறகும் ஓடைநீரும் மறைவிடமும் ஒருங்கே கிடைத்தமையால் மலையடிவாரம் இதற்கு வசதியாயிற்று.

1886-ஆம் வருஷத்து சென்னை அப்காரிச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காய்ச்சுதல் குற்றமாயிற்று. சாராயக் கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. ஏலமெடுத்தவன் கட்டிய பணத்தை மீட்க வேண்டுமல்லவா? குடிப்போர் பெருகுவதே அவனுக்கு இலாபம். திருவிழாவுக்குரிய பானம் கூலிநாளின் பானமானது இவ்விதமே.

சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1-இல் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பள்ளத்தாக்கும் அதற்குட்பட்டது. 1971-இல் அது தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையைச் சர்க்கார் நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது.

கள்ளச்சாராயத்தின் ஆபத்தோ வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்ததற்கு மெத்தனால் என்னும் தொழிற்சாலை நஞ்சே காரணம். பழைய ஊறற்பானையின்மீது இப்பழியைச் சுமத்துவது பொருந்தாது. அறியாதவன் கைச்சரக்கைப் பணங்கொடுத்து வாங்கும் வழக்கமே அந்நஞ்சுக்கு வாயில் திறந்தது.

சங்க அங்கத்தினர் ஒரு கணக்கும் பார்க்கலாம். தினம் 150 ரூபாய் குடிக்குச் செலவிடுபவர் வருஷத்தில் 54,750 ரூபாய் இழக்கிறார். பயிர்க்கடனாகப் பெற்ற தொகையிலிருந்து அது போகுமாயின், தவணை நாளில் நகை அடகுக்குப் போகும். ஜாமீன் நின்ற அண்டை வீட்டுக்காரரும் பதில் சொல்ல நேரிடும்.

மதுவிலக்குக் காலத்தில் கள்ளிறக்குவோருக்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. மரமும் கலயமும் ஏறும் ஆளும் முன்போலவே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியதே வித்தியாசம். அதனால் சாறு புளியாமல் பதநீராக நிற்கும். அன்றே அதைக் காய்ச்சினால் கருப்பட்டியாகும்.