படகு வண்டியும் திருப்புத்திறனும்

மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். காருக்குப் பின்னால் படகை இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இங்கே மாடு இல்லை. தவறை உடனே உணர்த்துவாரும் இல்லை!

படகும் டிரெய்லரும் சேர்ந்து 1000 கிலோ எனக் கொள்வோம். இணைப்புக் கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். புவியீர்ப்பு மையம் அச்சுக்கு 40 செ.மீ. முன்னால் இருப்பின், 1000 × 0.4 ÷ 4 = 100 கிலோ கொக்கியின்மேல் அமரும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. கார் தாங்குமாயின் இது நல்ல அளவே.

இனி, படகினுள் தேங்கிய மழைநீரை வடிக்க மறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 லிட்டர் நீர் நின்றால், கொக்கியின் பாரத்தில் 100 × 2 ÷ 4 = 50 கிலோ போய்விடும். சரிபாதி! மெதுவாகச் செல்லும்வரை ஒன்றும் தெரியாது. லாரி ஒன்று கடந்து போகும்போது காற்று தள்ள, டிரெய்லர் லேசாக ஆடும். குறைந்த வேகத்தில் அவ்வாட்டம் தானே அடங்கும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினாலோ ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, காரையே புரட்டிவிடக்கூடும். அப்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டி நேராக்கலாம் என்பது பெருந்தவறு.

முன்பாரம் அளவு மீறினாலும் தொல்லையே: காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

படகின் மூக்கைத் தாங்கும் கம்பத்தை நகர்த்திப் படகை முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்யலாம். அளந்து பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டா. டிரெய்லரைக் கழற்றி, சமதரையில் மட்டமாக நிறுத்தி, கொக்கி முனைக்கு அடியில் கட்டை கொடுத்து, ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்றை வைத்தால் போதும்.