பட்டமும் நாணயமும்



பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் நம் கடைகளில் ஒரே பேச்சுத்தான். "மகனுக்கு எத்தனை ஏ? எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம்?" என்று விசாரிக்கிறோம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் கல்லாப்பெட்டிக்கு ஓர் ஆள் தேடும்போது நாம் முதலில் கேட்பது என்ன? "ஆள் நாணயமானவரா?" என்பதல்லவா? கடைக்காகக் கேட்கும் இக்கேள்வியை, கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையைப் பற்றி ஏன் கேட்பதில்லை?

நாணயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் காசுக்கும் அதுவே பெயர்; நேர்மைக்கும் அதுவே பெயர். நேர்மை இல்லாத இடத்தில் காசு நிலைக்காது என்பது வியாபாரிக்கு எடுத்துச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்வியின் நிலையும் அதுவே.

"குணம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு?" என்று கூறுவோரும் உண்டு. அதுவும் பிழையே. மருத்துவம் கல்லாதவன் எவ்வளவு நல்லவனாயினும் அவன் கையில் நோயாளியை ஒப்படைக்க முடியுமா? தராசுக்கு இரண்டு தட்டும் வேண்டும். படிப்பின் அருமையை அறிந்திருந்ததால்தான் தமிழகத்து முஸ்லிம் வணிகர்கள் கல்லூரிகளுக்கு வாரி வழங்கினர். திருச்சியில் 1951ல் தொடங்கிய ஜமால் முகம்மது கல்லூரி, தோல் வணிகத்தில் புகழ்பெற்ற ஜனாப் ஜமால் முகம்மது சாகிப், ஜனாப் காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு வள்ளல்களின் கொடையால் எழுந்தது. அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரி தோன்றியது. 1955ல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. எல்லாச் சமயத்து மாணவரும் இவற்றில் படிக்கின்றனர். வியாபாரத்தில் சம்பாதித்த பணம் வகுப்பறையாக மாறியது. அந்த வகுப்பறையிலிருந்து வெளிவரும் வாலிபன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்பதே நம் கேள்வி.

இதற்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் (699–767) கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். நம்மில் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாம். ஒரு சமயம் தம் கூட்டாளியிடம் சரக்கை ஒப்படைத்து, "இன்ன துணியில் குறை இருக்கிறது, வாங்குபவரிடம் அதைச் சொல்லி விற்க வேண்டும்" என்றார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அச்சரக்கு விற்ற பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களுடைய வரலாறு கூறுகிறது. இவ்வளவு பேணுதலுள்ள ஆசிரியரின் ஆதரவில் படித்த ஏழை மாணாக்கரான அபூ யூசுஃப் (ரஹ்), பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமைக் காஜியானார்கள். அவர்கள் பாடத்தை மட்டுமா கற்றிருப்பார்கள்? ஆசிரியரின் கொடுக்கல் வாங்கலையும் அருகிருந்து பார்த்தவர்களல்லவா!

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் உண்டு. 1988ல் வகுக்கப்பட்ட தேசியக் கல்வித் தத்துவம், அறிவோடு ஆன்மிகம், மனவுணர்ச்சி, உடல் ஆகியவையும் சமநிலையில் வளர வேண்டும் என்கிறது. பள்ளிகளில் முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்வியும் ஏனையோர் நன்னெறிக் கல்வியும் படிக்கின்றனர். ஆயினும் எஸ்.பி.எம். நன்னெறிப் பரீட்சைக்காக 36 நற்பண்புகளின் பெயரையும் விளக்கத்தையும் மாணவர் உருப்போட்ட காலம் ஒன்று இருந்தது. நேர்மைக்கு விளக்கம் எழுதுவது வேறு. யாரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக இருப்பது வேறு. நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மார்க்கப் பாடத்தில் ஏ வாங்கியவரெல்லாம் 'அல் அமீன்' ஆகிவிட முடியாது.

சித்தியவானில் நம் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். இன்னார் மகன் என்று தெருவே கண்காணிக்கும். ஈப்போவுக்கோ கம்பாருக்கோ கோலாலம்பூருக்கோ படிக்கப் போய்விட்டால் அங்கே அவனை அறிந்தவர் யார்? பிறர் எழுதிய கட்டுரையை, இன்று கணினியே எழுதித் தரும் கட்டுரையை, தன் பெயரில் கொடுக்கலாம். ஆசிரியர் கண்டுபிடிக்காமலும் போகலாம். அப்போது அவனுக்குக் காவல் அவன் மனமே. 'ஸெத்தியா காவான்', அதாவது உண்மைத் தோழன் என்ற மலாய்ச் சொற்களிலிருந்தே நம் ஊர்ப்பெயர் வந்ததென்று கூறுவர். ஊரை விட்டுப் போகும் பிள்ளைக்கு உண்மைத் தோழனாக உடன் போக வேண்டியது அவனுடைய ஒழுக்கம்.

அதை உண்டாக்க நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, நம் பேரேடு. வரிக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு என்று இரண்டு எழுதிவிட்டு, மகனுக்கு உண்மையைப் போதித்தால் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? தகப்பனாரின் கணக்குப் புத்தகமே பிள்ளையின் முதல் பாடப்புத்தகம்.

இரண்டாவது, விடுமுறை. ஊர் திரும்பும் பிள்ளையைச் சில நாட்கள் கடையில் உட்கார வையுங்கள். தவறி அதிகமாக வந்த ஒரு வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பதையும், வேலையாளின் சம்பளத்தைத் தவணை தவறாமல் கொடுப்பதையும் அவன் கண்ணால் காணட்டும். "எத்தனை மார்க்?" என்று கேட்கும்போதே, "கட்டுரையை நீயே எழுதினாயா? உன் சிநேகிதர் யார்?" என்றும் கேளுங்கள். அவன் குறைந்த மார்க்கை ஒளிக்காமல் சொன்னால் கோபிக்காதீர்கள். உண்மை சொன்னதற்குத் தண்டனை கிடைக்கும் வீட்டில் பொய்தான் வளரும்.

மூன்றாவது, உபகாரச் சம்பளம். ஏழை மாணவருக்கு உதவும் சங்கங்களும் தனவந்தர்களும் மார்க்குப் பட்டியலோடு நின்றுவிடாமல், ஆசிரியரிடமும் ஊர்ப் பெரியவரிடமும் நடத்தையை விசாரிக்க வேண்டும். தாய்க்குத் துணையாக மாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன் ஒரு மார்க் குறைவாக வாங்கியிருக்கலாம். அவனைத் தள்ளிவிடலாமா?

நாளை நம் பிள்ளைகள் வைத்தியராக, வழக்கறிஞராக, கணக்காய்வாளராக அமர்வார்கள். அவர்கள் முன் வந்து நிற்கும் ஏழைக்கு அவர்கள் வாங்கிய ஏக்கள் தெரியாது. தன்னை ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றே அவன் கையில் இருக்கும். அந்த அமானிதத்தைக் காக்கும் பிள்ளைகளை நமக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.