வலைத்தள வாடகையை மதிப்பிடும் முறை

சந்தையில் வாசலருகே உள்ள கடைக்கு வாடகை மிகுதி என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கறிவர். கூகிள் தேடலிலும் இன்று அத்தகைய வாசல் உண்டு. 'உளுந்தூர்ப்பேட்டை நெல் அறுவடை இயந்திரம்' என்று தேடுவோருக்கு முதலில் தோன்றும்படி ஒருவர் வலைத்தளம் அமைக்கிறார். அவரிடம் இயந்திரம் கிடையாது. அதன் வழியே வரும் அழைப்புகளை இயந்திரம் வைத்திருப்பவருக்கு மாத வாடகைக்கு விடுகிறார். முன்னிடத்துக்குப் பணம் பெறுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1996இல் தொடங்கிய ஜஸ்ட்டயல் அவ்வாறு வளர்ந்ததே.

களமருதூரில் இயந்திரம் வைத்துள்ள விவசாயி இதற்கு எவ்வளவு தரலாம்? முதலிடம் என்ற பெயருக்கு மதிப்பில்லை. கைக்கு வந்த வேலைக்கே மதிப்பு. உதாரணமாக, மாதம் 20 அழைப்புகளில் 4 வேலைகள் அமைந்து, டீசலும் கூலியும் போக வேலைக்கு ரூ.1,500 மிஞ்சினால் மொத்தம் ரூ.6,000. இதில் ஐந்திலொரு பங்கான ரூ.1,200க்கு மேல் கொடுப்பது தகாதென்பது நமது அபிப்பிராயம். அறுவடையோ ஆண்டு முழுவதும் நடப்பதன்று. மழை பிடித்துக்கொண்டால் உள்ள வேலையும் நின்றுவிடும். ஆகையால் மாத வாடகையைவிட, அழைப்புக்கு இவ்வளவு என்று பேசுவதே மேல். முதல் மாதம் வாடகையின்றி அழைப்புகளை எண்ணிப் பார்க்கவும் கேட்கலாம்.

தளத்தில் காணும் தொலைபேசி எண் பெரும்பாலும் தளக்காரருடையதே. வாடகை நின்ற மறுநாளே அழைப்புகள் போட்டிக்காரருக்குத் திருப்பப்படலாம். ஆகவே கூகிள் வரைபடத்தில் தம் பெயரையும் எண்ணையும் தொழில் செய்வோர் தாமே பதிந்துகொள்வது அவசியம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.