பழைய காருக்கு ஏற்ற எண்ணெய் எது?

பாடாங் மேஹா போன்ற தோட்டங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. கூலிம் பட்டணத்தில் மளிகைச் சாமான் வாங்குவதற்கும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும் பல குடும்பங்கள் ஒரு பழைய காரையே நம்பியிருக்கின்றன. அதன் எஞ்சின் கெட்டுப்போனால், பழுது பார்க்கும் செலவு பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். இத்தகைய பழுதுகளுள் பலவற்றைத் தகுந்த எண்ணெயைத் தேர்ந்தெடுத்து, காலம் தவறாமல் மாற்றுவதன் மூலம் தவிர்க்கலாம்.

நம் நாட்டின் புரோட்டோன் சாகா 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமாயிற்று. பெரோடுவா கஞ்சில் 1994-இல் வெளிவந்து 2009 வரை தயாரிக்கப்பட்டது. இவ்வண்டிகள் பல கைகள் மாறி இன்றும் ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்போருக்குப் பயன்படும் செய்திகளை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணெயின் பணிகள்

பட்டறைகளில் 'மினியாக் ஹீத்தாம்' என்று வழங்கப்படும் எஞ்சின் எண்ணெய் ஐந்து பணிகளைச் செய்கிறது. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்கிறது; எஞ்சினின் உட்பாகங்களிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது; கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது; பிஸ்டன் வளையங்களின் ஓரத்தை அடைத்து அழுத்தம் வெளியேறாமல் காக்கிறது; துருவையும் தடுக்கிறது. எனவே, ஊற்றிய எண்ணெய் சில நாட்களில் கறுத்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அது அழுக்கை ஏந்துகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

எண்கள் கூறுவது என்ன?

எண்ணெய்க் கலத்தின் மீது 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்பன போன்ற குறிகளைக் காணலாம். இவை எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. அளவுகள். சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் நீர்போல் இளகி ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். எஞ்சின் எண்ணெயும் அவ்வாறே சூட்டில் இளகும். இரண்டாவது எண், எஞ்சின் முழுச் சூட்டில் ஓடும்போது எண்ணெய் எவ்வளவு தடிப்புடன் இருக்கும் என்பதைக் காட்டுகிறது. 30-ஐ விட 40-உம், 40-ஐ விட 50-உம் தடித்தவை.

'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சின் சுழல்வதற்கு எண்ணெய் எந்த அளவுக்கு இடங்கொடுக்கும் என்பதைக் காட்டுகிறது. 20டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்கு 15 பாகை கீழேயும், 10டபிள்யூ எண்ணெயை 25 பாகை கீழேயும் சோதிக்கின்றனர். கெடாவின் விடியற்காலைக் குளிர் அந்த நிலைக்கு அருகில்கூட வருவதில்லை. ஆகவே, நம் ஊரில் பழைய காருக்கு எண்ணெய் வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது இரண்டாவது எண்ணையே.

எழுத்துகள் கூறுவது என்ன?

அடுத்துக் காண வேண்டியது ஏ.பி.ஐ. என்னும் தரக்குறி. 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கும், 'சி' என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும் உரியது. பெட்ரோல் எண்ணெய்களில் இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் செல்லச் செல்லத் தரம் புதியதாகும். எஸ்.ஏ. தர எண்ணெயில் காப்புப் பொருள்கள் எவையும் இல்லை. 1930-க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது பொருந்தாது. எஸ்.எஃப். தரம் 1988 வரையிலான எஞ்சின்களுக்கும், எஸ்.ஜி. 1993 வரையிலும், எஸ்.எச். 1996 வரையிலும், எஸ்.ஜே. 2001 வரையிலும் செய்யப்பட்டவற்றுக்கும் வகுக்கப்பட்டன. 2020-இல் எஸ்.பி. தரம் வந்தது. விலை மலிவு என்பதற்காகத் தரக்குறியே இல்லாத எண்ணெயை வாங்குதல் கூடாது.

புதிய தர எண்ணெய் பொதுவாகப் பழைய எஞ்சினுக்கும் பொருந்தும். ஆனால் டாட்சன் 120ஒய் போன்ற 1970-களின் வண்டிகளுக்கு ஒரு கவனிப்பு தேவை. அவற்றின் வால்வுகளை இயக்கும் பாகங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கித் தேய்பவை. அந்தத் தேய்மானத்தைக் குறைக்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த காப்புப் பொருள் சேர்க்கப்படுகிறது. புகை சுத்திகரிக்கும் கருவியைப் பாதுகாக்க வேண்டி, இக்காலத்து 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரசின் அளவு குறைக்கப்பட்டுவிட்டது. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. மிகப் பழைய வண்டிக்குத் தடித்த எண்ணெய் ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எதை வாங்கலாம்?

வண்டியோடு வரும் கையேடே முதல் வழிகாட்டி. அது தொலைந்திருந்தால், நிறுவனத்தின் சேவை நிலையத்தில் வண்டியின் வகையையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டறியலாம். கார்புரேட்டர் பூட்டிய பழைய சாகா போன்ற வண்டிகளுக்கு, கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 நம் வெப்பநிலைக்குப் பொருந்தும். 0டபிள்யூ-20 எண்ணெய்க்கென்றே அமைந்த புதிய கார்களில் இவற்றை ஊற்றுதல் ஆகாது. அவற்றின் எண்ணெய் வழிகள் குறுகலானவை.

விலையுயர்ந்த செயற்கை எண்ணெய்தான் சிறந்தது என்று எண்ணிச் சிலர் கடன்பட்டும் வாங்குகின்றனர். அது நல்ல எண்ணெய்தான். எனினும் பழைய எஞ்சினுக்கு அது கட்டாயம் அன்று. விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி இரண்டு ஆண்டு மாற்றாமல் விடுவதைவிட, சாதாரண எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதே மேல்.

தடித்த எண்ணெய் மருந்தாகுமா?

கார் நீலப் புகை கக்கினால், எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது என்பது பொருள். இதற்கு மிகத் தடித்த எண்ணெயை ஊற்றிவிடுவது பலரின் வழக்கம். புகை சற்றுக் குறையலாம். ஆனால் தேய்ந்த வளையமோ வால்வு உறையோ அதனால் சரியாகிவிடாது. நோயைத் தீர்க்காமல் இருமலை மட்டும் அடக்குவதற்கு அது ஒப்பாகும்.

எண்ணெய்க் கசிவும் அவ்வாறே. நாம் வெட்டியெடுக்கும் பாலிலிருந்து செய்த இயற்கை ரப்பர், கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். அதனால் எஞ்சினின் எண்ணெய் அடைப்பு வளையங்கள் செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. அதுவும் ஆண்டுக்கணக்கில் சூடேறி இறுகிப் போகும். இறுகிய வளையத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு, எண்ணெயின்றி எஞ்சின் இறுகிவிட்டால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே.

அளவு பார்க்கும் முறை

வாரம் ஒருமுறை, சமதரையில் நிறுத்திய காரை முடுக்குவதற்கு முன் எண்ணெய் அளவுக்கோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் நிற்க வேண்டும். மேற்குறியைத் தாண்டி ஊற்றினால் நுரைத்துக் கெடுதல் செய்யும். எண்ணெய் ரப்பர்ப்பால் போல் வெளுத்துக் காணப்பட்டால், அதில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். உடனே பட்டறையில் காட்டுதல் வேண்டும். ஓட்டும்போது எண்ணெய்க் கலத்தின் உருவமுள்ள சிவப்பு விளக்கு எரிந்தால், "வீடு வரை போய்விடுவோம்" என்று நினைக்கலாகாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சில நிமிட ஓட்டமே எஞ்சினை முற்றிலும் அழித்துவிடும்.

சாதாரண எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ ஆறு மாதத்திற்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அதன்படி மாற்றுவது நல்ல வழக்கம். லயத்திலிருந்து கடைத்தெருவரை மட்டுமே ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறுவதில்லை; அதில் சேரும் ஈரம் ஆவியாவதுமில்லை. ஆதலால் குறைவாக ஓடும் காருக்கும் மாதக் கணக்கு உண்டு. எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்றுதல் நலம்.

மோட்டார் சைக்கிளுக்கு வேறு எண்ணெய்

காரில் ஊற்றி மிஞ்சியதை மோட்டார் சைக்கிளில் ஊற்றுதல் தவறு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் அதே எண்ணெயில் மூழ்கியுள்ளன. வழுவழுப்பு மிகுந்த கார் எண்ணெய் பட்டால் அவை நழுவும். கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கு ஜாசோ எம்.ஏ. என்ற குறியுள்ள எண்ணெயே ஏற்றது.

கழிவு எண்ணெய்

வடித்த எண்ணெயைக் காணிலோ மரத்தடியிலோ கொட்டுதல் கூடாது. அது மண்ணில் இறங்கி நீரைக் கெடுக்கும். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்னும் குறியுடைய அட்டவணைக் கழிவாகும். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

சுருங்கக் கூறின், எண்ணெய் வாங்குமுன் கையேட்டையும் கலத்தின் மீதுள்ள எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல், வாரந்தோறும் அளவு பார்த்தல், காலத்தில் மாற்றுதல் ஆகிய மூன்றும் போதும். கடைக்காரர் சொன்னதை மட்டும் கேட்டு வாங்காமல், கலத்தைக் கையில் எடுத்துப் படித்தறியும் பழக்கத்தை நாம் ஒவ்வொருவரும் மேற்கொள்ள வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, அந்தக் குறிகளைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.